விலை அறிந்தவரின் கடமை



எண்பதுகளில் ஏதிலிகளாக இந்நாட்டுக்கு வந்த நம்மவர்கள் பலர் இன்று ஓய்வூதிய வயதை எட்டிவிட்டனர். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன பின் பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்கு மாறுகின்றனர். அவ்வேளை அலுமாரிகளும் நிலவறைகளும் திறக்கப்படுகின்றன. ஊரிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த தபால் முத்திரைத் தொகுப்பு, தாம் பராமரித்த ஜேர்மானிய மூதாட்டி அன்பளிப்பாகத் தந்த பீங்கான் உருவங்கள், பழைய நாணயங்கள், சுவர்க்கடிகாரங்கள் எனப் பலவும் வெளியே வருகின்றன. அவற்றைச் சேகரிப்புப் பொருள் வியாபாரியிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறவர்களிடம் நான் கேட்கும் சொல் பெரும்பாலும் ஒன்றே: “சுவாமி, அவன் எங்களை ஏமாற்றப் பார்த்தான்.”

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமைகளில் நம் பான் நகரத்து ரைனாவ் பூங்காவில் கூடும் புளோமார்க்ட்டை நீங்கள் நன்கு அறிவீர்கள். அங்கே ஒரு முதியவரிடம் ஐந்து யூரோவுக்கு வாங்கியதை இணையத்தில் ஐந்நூறுக்கு விற்றதாகப் பெருமையோடு சொல்லும் இளைஞரும் நம் பங்கில் உளர். முதற்பக்கத்தார் வியாபாரியைக் கள்வன் என்கின்றனர். இரண்டாம் பக்கத்தார் தம்மைக் கெட்டிக்காரர் என்கின்றனர். இரண்டு தீர்ப்புகளும் பல வேளைகளில் தவறானவை என்பது என் கருத்து. ஏன் என்பதைப் பொறுமையோடு வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

முதலில், வியாபாரியின் மீது சுமத்தப்படும் குற்றத்தை எடுத்துக்கொள்வோம். ஜேர்மனியில் முத்திரை சேகரிப்போர் அனைவரும் நம்பும் நூல் மிஷெல் விலைப்பட்டியல். ஹூகோ மிஷெல் என்பவர் 1910ஆம் ஆண்டு அப்போல்டா நகரில் தொடங்கியது அது. ஒரு குடும்பத்தார் தம் தொகுப்பை அப்பட்டியலோடு ஒப்பிட்டுக் கூட்டிப் பார்த்து 3,000 யூரோ எனக் கணக்கிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி 200 யூரோ தருவதாகச் சொன்னால் அவர்களுக்குச் சினம் வருவது இயல்பே. ஆனால் பட்டியலில் உள்ள விலை, குறையற்ற ஒரு முத்திரையை, அதைத் தேடி வரும் சேகரிப்பாளருக்குக் கடைக்காரர் தனியாக விற்பதற்கான வழிகாட்டி. எளிதில் கிடைக்கும் முத்திரைகளுக்கு நடைமுறையில் அவ்விலையின் சிறு பங்கே கிடைக்கும். முழுத் தொகுப்பையும் ஒருமிக்க வாங்கும் வியாபாரி, அதில் பத்தில் ஒன்றை விற்கவே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். கடை வாடகையும் வரியும் போலி அகப்பட்டுவிடும் அபாயமும் அவருக்கே உரியவை.

இது நமக்குப் புதியதும் அன்று. தாலிக்கொடி வாங்கும்போது கொடுத்த கூலியும் சேதாரமும் அதை விற்கும்போது திரும்பி வருவதில்லை என்பதை நம் தாய்மார் அனைவரும் அறிவர். அதற்காக நகைக்கடைக்காரரைக் கள்வர் என்று எவரும் சொல்வதில்லை. ஒரு பொருளுக்குக் கடையில் விற்கும் விலை, கடைக்காரர் வாங்கும் விலை, காப்புறுதிக்காகக் குறிக்கப்படும் மதிப்பு, ஏலத்தில் கிடைக்கும் தொகை எனப் பல விலைகள் உண்டு. விற்பவர் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பேச, வாங்குபவர் மற்றொன்றை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார். மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

பழமைக்கு விலை உண்டு என்ற எண்ணமும் இத்தகையதே. உலகின் முதல் ஒட்டு முத்திரையான பென்னி பிளாக் 1840ஆம் ஆண்டு வெளியானது. ஆனால் அது 6 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் அச்சிடப்பட்டமையால், அதைவிட மிகப் பிந்திய முத்திரைகள் பல அதனிலும் விலை கூடியவையாக உள்ளன. ஹும்மல் உருவங்களையும் பாருங்கள். சீசன் துறவு இல்லத்தைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் அருட்சகோதரி மரியா இன்னொசென்சியா ஹும்மல் வரைந்த குழந்தை ஓவியங்களைப் பின்பற்றி, கோபெல் நிறுவனம் 1935 முதல் அவற்றைச் செய்தது. ஒரு தலைமுறை அவற்றை விரும்பிச் சேர்த்தது. அத்தலைமுறை மறைந்துவர, பெரும்பாலான உருவங்களின் விலையும் வீழ்ந்துவிட்டது. உங்களுக்கு அதைத் தந்த மூதாட்டி அன்று கொடுத்த விலையை இன்றைய வியாபாரி தரவில்லையெனில், அது அவருடைய வஞ்சகம் அன்று. இன்று வாங்குவோர் குறைவு என்பதே காரணம்.

பழைய இந்திய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் பணம் தருவோம் என்று கைப்பேசியில் வரும் விளம்பரங்களை நம்பி எதிர்பார்ப்பை வளர்த்துக்கொள்வோரும் உளர். இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் இத்தகைய மோசடிகளைப் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ தரகோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அது தெளிவாகக் கூறியது. அத்தகைய விளம்பரத்தை நம்பிவிட்டு, நேர்மையான வியாபாரியின் குறைந்த விலையைக் கண்டு அவர்மேல் சினப்படுவது எவ்வளவு அநீதி!

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். ஜேர்மனியில் கடையில் வைக்கும் பொருளுக்கு விலை குறித்து வைக்க வேண்டும் என்பது பொதுச் சட்டம். ஆனால் கலைப்பொருள், சேகரிப்புப் பொருள், பழம்பொருள் ஆகியவற்றுக்கு அக்கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. இத்துறையில் விலை என்பது பெரும்பாலும் பேசித் தீர்மானிக்கப்படுவது. எனவே பேச்சில் தெளிவு இல்லையெனில் மனக்கசப்பு வருவது உறுதி.

இதுவரை சொன்னது விலை பற்றிய தவறான புரிதல். ஆனால் எல்லாவற்றையும் ‘தவறான புரிதல்’ என்ற ஒரே சொல்லால் மூடிவிட முடியாது. விற்பவருக்குத் தம் கையில் இருக்கும் பொருள் இன்னதென்றே தெரியாத நிலை ஒன்று உண்டு. அது வாங்குபவருக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறவாமல், சில்லறையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். இங்கே ஒருவரது அறியாமையை மற்றவர் தம் ஆதாயமாக்கிக்கொள்கிறார். இதைப் புரிதலின் குறை என்று சொல்லிவிட முடியாது.

1248 முதல் 1252 வரை நம் அயல் நகரமாகிய கொலோனில் புனித பெரிய ஆல்பர்ட்டிடம் பயின்ற புனித தாமஸ் அக்குவினாஸ், இதைத் தம் இறையியல் பெருநூலில் கொடுக்கல் வாங்கலைப் பற்றிய 77ஆம் வினாவில் ஆராய்கிறார். நீதியான விலை என்பது கணிதப் புள்ளி போல் திட்டவட்டமானது அன்று, அது மதிப்பீட்டைச் சார்ந்தது, எனவே சிறிது கூடுவதாலும் குறைவதாலும் நீதி கெடுவதில்லை என்று அவர் ஒப்புக்கொள்கிறார். வணிகர் தம் உழைப்புக்குக் கூலியாக ஆதாயம் பெறுவதையும் அவர் கண்டிக்கவில்லை. ஆனால் பொன்னைப் பித்தளை என்று எண்ணி ஒருவர் விற்கும்போது, அது பொன் என்று அறிந்தே வாங்குபவர் அநீதி செய்கிறார், அதை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்கிறார். வாங்கும்போது அறியாதிருந்து பின்னர் அறிந்தாலும் ஈடுசெய்யும் கடமை உண்டு என்பது அவருடைய போதனை.

அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே புனித அகுஸ்தீனார் மூவொரு இறைவனைப் பற்றிய தம் நூலின் 13ஆம் பகுதியில் ஒரு மனிதரைக் குறிப்பிடுகிறார். அவரிடம் ஒரு கையெழுத்து நூல் விலைக்கு வந்தது. அதன் மதிப்பை அறியாத விற்பவர் மிகக் குறைந்த விலை கேட்டார். அம்மனிதரோ, விற்பவர் சற்றும் எதிர்பாராதபடி, அந்நூலுக்கு உரிய முழு விலையைக் கொடுத்தார். மலிவாக வாங்கி விலை கூட்டி விற்பதே எல்லாரும் விரும்புவது என்று உலகம் சொல்லும்போது, அவ்வாறு விரும்பாதவரும் உண்டு என்பதற்கு அகுஸ்தீனார் காட்டிய சான்று அது.

இந்நாட்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டை அறிந்திருக்கிறது. ஜேர்மானியக் குடியியல் சட்டத்தின் 119ஆம் பிரிவின்படி, பொருளின் முக்கியமான தன்மையைப் பற்றிய தவறான எண்ணத்தில் செய்த ஒப்பந்தத்தை மறுக்க இடமுண்டு. ஓவியத்தை வரைந்தவர் யார், பொருள் அசலா போலியா என்பவை அத்தகைய தன்மைகள். விலை மட்டும் குறைந்துவிட்டது என்பது தனியே ஒரு காரணமாகாது. தவறு தெரிந்தவுடன் தாமதமின்றி அதை அறிவிக்கவும் வேண்டும். ஆனால் இவற்றை மெய்ப்பிக்கும் சுமை மறுப்பவர் மேல் விழுவதால், சட்டத்தின் கதவு எல்லாருக்கும் எளிதில் திறந்துவிடாது.

பிரான்சு நாட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். முதிய தம்பதியர் 2021இல் தம் வீட்டைக் காலி செய்தபோது, குடியேற்ற ஆட்சிக்கால அதிகாரியாக இருந்த மூதாதை ஒருவர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த முகமூடியை ஒரு பழம்பொருள் வியாபாரிக்கு 150 யூரோவுக்கு விற்றனர். கபோன் நாட்டு பாங் இனத்தாரின் அரிய முகமூடி அது. 2022 மார்ச்சில் மொன்பெலியே நகர ஏலத்தில் அது 42 லட்சம் யூரோவுக்குப் போனது. தம்பதியர் அதைச் செய்தித்தாளில் கண்டே அறிந்தனர். வழக்கு அலெஸ் நகர நீதிமன்றத்துக்குச் சென்றது. விற்பதற்கு முன் அவர்கள் போதிய விசாரணை செய்யவில்லை என்று கூறி, 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவர்களுடைய கோரிக்கையைத் தள்ளியது. வியாபாரி தாமும் தொடக்கத்தில் அதன் மதிப்பை அறிந்திருக்கவில்லை எனப்பட்டது. அவர் ஒரு பெருந்தொகையைத் தர முன்வந்தும் சமரசம் கைகூடவில்லை என்றும் செய்திகள் கூறின. சட்டப்படி வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் தாமஸ் அக்குவினாஸின் அளவுகோலைக் கொண்டு பார்த்தால், அவருடைய கடமை அந்தத் தீர்ப்போடு முடிந்துவிடவில்லை. அந்த முகமூடி உருவான கபோன் மக்களின் உரிமை இன்னும் பெரிய கேள்வி.

உங்களுள் சிலர் மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை எனக்கு நினைவூட்டக்கூடும். நிலத்தில் புதையலைக் கண்டவர் அதை மறைத்துவிட்டு, உரிமையாளருக்குச் சொல்லாமல் அந்நிலத்தை வாங்கவில்லையா என்று கேட்பீர்கள். ஆண்டவர் அங்கே நமக்குக் காட்டுவது, விண்ணரசுக்காக உள்ள அனைத்தையும் விற்கத் துணிந்த மனிதரின் மகிழ்ச்சியை. அவருடைய கொடுக்கல் வாங்கலை நமக்கு முன்மாதிரியாக வைக்கவில்லை. நேர்மையற்ற வீட்டுப் பொறுப்பாளரின் உவமையையும் நாம் களவுக்கு அனுமதியாக வாசிப்பதில்லை அல்லவா?

விலையே பேசக்கூடாத பொருளும் உண்டு. நம் வீடுகளில் பலர் விரும்பிப் பார்க்கும் ‘பாரெஸ் ஃபூர் ராரெஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 2019ஆம் ஆண்டு வைரங்கள் பதித்த பழைய மார்புச் சிலுவை ஒன்று வந்தது. அதனுள் ஆண்டவரின் சிலுவைத் துணுக்குகள் இருப்பதாகக் கூறப்பட்டது. நிபுணர் 60,000 முதல் 80,000 யூரோ வரை மதிப்பிட்டார். அது விற்கப்பட்டதோ 42,000 யூரோவுக்கு. நிபுணரின் மதிப்பும் வியாபாரி தரும் விலையும் வேறு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் கத்தோலிக்கர் மறக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. திருச்சபைச் சட்டத்தின் 1190ஆம் விதி புனிதப் பண்டங்களை விற்பதை முற்றாகத் தடைசெய்கிறது. பேழையின் பொன்னுக்கும் கல்லுக்கும் விலை இருக்கலாம், உள்ளே இருப்பதற்கு இல்லை. உங்கள் வீட்டில் அத்தகைய பேழை இருந்தால், விற்குமுன் உங்கள் பங்குத்தந்தையிடம் பேசுங்கள்.

ஆகவே விற்கப் போகும் பெரியோருக்குச் சொல்கிறேன். விலையைக் கேட்பதற்கு முன் பொருள் இன்னதென்று கேட்டு அறியுங்கள். வணிகக் கைத்தொழில் கழகம் நியமித்துச் சத்தியப்பிரமாணம் செய்வித்த மதிப்பீட்டாளர்கள் இந்நாட்டில் உள்ளனர். ஏல நிலையங்கள் பல கட்டணமின்றி முதல் மதிப்பீடு தருகின்றன. நாணயங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், அது மதிப்பைக் குறைக்கும். இரண்டு மூன்று வியாபாரிகளிடம் காட்டுங்கள், அன்றைக்கே விற்றுவிடாதீர்கள். “இது நீங்கள் வாங்கும் விலையா, விற்கும் விலையா?” என்று மரியாதையோடு கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பல மனத்தாங்கல்களைத் தவிர்க்கும். அதன் பின்பும் விலை பிடிக்கவில்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். வெளியே வந்து அவரைக் கள்வர் என்று சொல்வது, சான்றின்றி அயலாரின் நற்பெயரைக் கெடுக்கும் பாவம்.

வாங்கச் செல்லும் இளையோருக்கும் சொல்கிறேன். தேடித் திரிந்து, படித்து, பொருளை இனங்கண்டு, நியாயமான ஆதாயம் பெறுவதில் குற்றமில்லை. ஆனால் மேசைக்கு அப்பால் நிற்கும் முதியவர் தம் கையில் உள்ளது என்னவென்று அறியாதவர் என்று உமக்குத் தெளிவாகத் தெரிந்தால், அதை அவருக்குச் சொல்லும். பிறகு விலை பேசும். அவ்வேளையும் உமது அறிவுக்குரிய பங்கை அவர் மறுக்கமாட்டார். போக்கிமோன் அட்டைகளைக் கைமாற்றும் சிறுவரிடமும் இதே நியாயத்தை எதிர்பாருங்கள், பெற்றோரே. பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்பது வயதுப் பிள்ளையிடமிருந்து அரிய அட்டையைச் சாதாரண அட்டைக்கு மாற்றிக்கொண்டு வந்தால், அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். 18 வயதுக்குட்பட்டோரின் கொடுக்கல் வாங்கலுக்குப் பொதுவாகப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

இந்நாட்டுக்கு நாம் வந்தபோது மொழி தெரியாதவர்களாய், எதன் விலையும் அறியாதவர்களாய் நின்றோம். அன்று நமக்கு உண்மையைச் சொல்லி உதவியவர்களும் இருந்தார்கள், நம் அறியாமையில் ஆதாயம் தேடியவர்களும் இருந்தார்கள். அவர்களுள் யாரைப் போல் நாம் இருக்க வேண்டும் என்பதை உங்கள் மனச்சான்றுக்கு விட்டுவிடுகிறேன். உங்கள் கருத்துகளையும் கீழே எழுதுங்கள், வாசிக்கக் காத்திருக்கிறேன்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை, பான்