தேய்ப்பதற்கு முன் கழுவுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில்தான் கிழக்குக் கடற்கரையின் விசைப்படகுகள் பெரும்பாலும் கரையேறிப் புதுப் பெயின்ட் காண்கின்றன. ஏறிய கையோடு கொட்டலசைச் சுரண்டிவிட்டுக் கிரைண்டரை ஓட்டுவதும், கடைசியில் தூசி போகத் தண்ணீர் அடிப்பதும் பல தளங்களில் வழக்கம். இந்த வரிசையை மாற்றியே ஆக வேண்டும். பெயின்ட் உரிவதற்குப் பெயின்டையே குறை சொல்கிறோம். அடியில் நாம் விட்டுவைத்த உப்பைப் பார்ப்பதில்லை. கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் கரையில் காற்று அவ்வளவு வறண்டிருப்பது அபூர்வம். ஆகவே கைக்குக் காய்ந்ததாகத் தெரியும் அடிப்பாகம் உண்மையில் காய்ந்திருக்காது. அதன்மேல் பூசினால், சிக்கிய உப்பு கடல்நீரைவிட அடர்த்தியான கரைசலாகி, பெயின்ட் படலத்தின் வழியே நீரை உள்ளே இழுக்கும். கொப்புளம் எழுவது அப்படித்தான். இரும்புப் படகானால் அந்தக் கொப்புளத்தின் அடியிலேயே துருவும் தொடங்கிவிடும்.

தேய்க்கும்போது உப்பும் சேர்ந்து போய்விடாதா என்று அனுபவசாலிகளே கேட்பார்கள். மேட்டில் இருப்பது போகும். குழியில் இருப்பதைத் தாள் தொடாது. சுழலும் டிஸ்க் உப்பைத் தூளாக்கிப் புதுக் கீறல்களுக்குள் திணிக்கும். எண்ணெய்ப் பிசுக்குக்கும், புது ஃபைபர் படகில் ஒட்டியிருக்கும் அச்சு மெழுகுக்கும் இதே கதிதான். டிஸ்க்கின் சூட்டில் மெழுகு இளகிப் பரவிவிட்டால், அதன்மேல் எந்தப் பிரைமரும் பிடிக்காது. மெழுகைக் கரைப்பானால் துடைத்தெடுத்த பிறகே தாளைத் தொட வேண்டும். (பழைய அடிப்பெயின்டில் செம்பு நஞ்சு இருக்கும். அதை ஈரமாகவே தேயுங்கள். முகக்கவசம் இல்லாமல் ஒருவரையும் நிறுத்தாதீர்கள்.)

கோடையில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. சுரண்டும்போது கடல்நீரே போதும். கொட்டலசு காய்ந்து இறுகுமுன் எடுப்பதும் எளிது. கடைசி அலசலுக்கு மட்டும் நன்னீர் கட்டாயம். அழுத்தத்தோடு பீய்ச்சினால் குறைவான நீரே பிடிக்கும். கரையோர ஆழ்குழாய் நீரே உப்பாக இருக்கலாம் என்பதால், குடிநீர் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றைத் தளத்தில் வைத்திருங்கள். படகில் வழிந்து விழும் நீரின் டிடிஎஸ் அளவு, ஊற்றும் நீரின் அளவை நெருங்கும்வரை அலசுங்கள். அதன்பின் காய ஒரு பகல் வீணாகிறதே என்பவர்கள், அடுத்த தடைக்காலத்தில் அதே கொப்புளங்களைச் சுரண்டப் போகும் நாட்களையும் கணக்கில் சேர்க்கட்டும்.