கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

வெள்ளைப்படுதல், இடுப்பு வலி, ஓயாத உதிரப்போக்கு என்று நம் காலனிப் பெண்கள் பேசத் தொடங்கினால், யாராவது ஒருவர் "எடுத்துப் போட்டுட்டா நிம்மதி" என்று முடித்துவிடுகிறார். அந்த நிம்மதி என்னவென்று மராட்டிய மாநிலத்தின் பீட் மாவட்டத்தைப் பார்த்தால் தெரியும்.

அங்கே கரும்பு வெட்டக் கணவன் மனைவியை ஜோடியாக முன்பணம் கொடுத்து அழைத்துப் போகிறார்கள். நிலமில்லாத தலித்துகளும் பிற்படுத்தப்பட்டோரும் இவர்களில் ஏராளம். ஐப்பசியில் கிளம்பினால் பங்குனி வரை வயலோரக் குடிசைதான் வீடு. கழிப்பறை இல்லை, துணி மாற்ற மறைவிடம் இல்லை. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் கூலி போவதோடு அபராதமும் உண்டு. மாதவிலக்கு நாளில்கூட உட்கார முடியாத பெண்ணிடம், "விட்டால் புற்றுநோயாகும்" என்று பயமுறுத்திக் கத்தி வைத்தன சில தனியார் மருத்துவமனைகள். 2019இல் மாநில அரசு அமைத்த குழு 82,309 பெண் தொழிலாளர்களிடம் விசாரித்ததில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது. ஏறக்குறைய ஆறில் ஒருவர். நாடு முழுவதும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இது நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் என்கிறது தேசியக் குடும்ப நல ஆய்வு.

பீகாரிலும் சத்தீஸ்கரிலும் ஏழைகளுக்கான காப்பீட்டுப் பணத்துக்காகவே இந்த அறுவை நடந்ததாகப் புகார் எழுந்தது. ராஜஸ்தானிலும் இதே கதை. 2013இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க 2022இல் ஒன்றிய அரசு வெளியிட்ட நெறிமுறைகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்றது. பாதிக்கப்பட்டோரில் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள் அதிகம் என்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. கூலி, சாதி, காப்பீட்டு அட்டை மூன்றும் சேரும் இடத்தில் நம் பெண்களின் வயிறு இருக்கிறது.

நம் பெண்கள் கூச்சத்தில் கேட்காமல் விடும் சில கேள்விகளுக்கு வருவோம்.

வெள்ளைப்படுதல் புற்றுநோயாகுமா? ஓரளவு வெள்ளைப்படுதல் இயல்பு. நாற்றம், அரிப்பு, நிற மாற்றம் இருந்தால் பெரும்பாலும் கிருமித்தொற்று. மாத்திரையில் குணமாகும். கர்ப்பப்பையை எடுப்பது அதற்கு மருந்தல்ல. ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு உதிரம் பட்டாலோ, உறவுக்குப் பின் பட்டாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்.

எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மாதவிலக்கு நிற்கும், பிள்ளை பிறக்காது. கூடவே இரு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், முப்பது வயதுக்காரிக்கும் மறுநாளே ஐம்பது வயது உடம்பு. உடம்பெல்லாம் அனல், தூக்கமின்மை, பிறப்புறுப்பில் வறட்சி, எலும்புத் தேய்மானம், இதய நோய் ஆபத்து. ஆகவே "சினைப்பையையும் எடுப்பீர்களா, எதற்காக?" என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். அறுவைக்குப் பின் ஆறு வாரமாவது பாரம் தூக்கக் கூடாது, உறவும் கூடாது. நாற்று நடவுக்கும் செங்கல் சூளைக்கும் போகிற பெண்ணுக்கு அந்த ஆறு வாரக் கூலியை யார் தருவது என்று எந்த மருத்துவமனையும் கேட்பதில்லை.

இந்த அறுவையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. புற்றுநோய், மருந்துக்கு அடங்காத பெரிய கட்டி, முற்றிய கர்ப்பப்பை இறக்கம், பிரசவத்தில் நிற்காத உதிரப்போக்கு என்றால் இது உயிர் காக்கும். மற்றபடி அவசரமில்லை. ஸ்கேன் அறிக்கையை வாங்கிக்கொண்டு, அரசு மருத்துவமனையில் இன்னொரு மருத்துவரிடம் காட்டலாம்.

நாற்பது வயதுக்குட்பட்ட பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுத்தால் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும், மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்கின்றன அந்த நெறிமுறைகள். நம் மாவட்டக் குழுவில் யார் இருக்கிறார்கள், எத்தனை முறை கூடினார்கள்? கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி இதைக் கேட்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.