'சர்வர் இல்லை' என்றால் எது இல்லை?

ரேஷன் கடை வாசலில் கால் கடுக்க நிற்கும் நமது தாய்மார்களுக்கு இன்று இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் மனப்பாடம். ஒன்று நெட்வொர்க், மற்றொன்று சர்வர். இரண்டுக்கும் பின்னால் வரும் தமிழ் வார்த்தை ஒன்றுதான்: 'இல்லை'.

சென்ற மாதம் ஒரு கிராமத்தில் இந்த 'இல்லை'யை நாமே நேரில் கேட்டோம். நடவுக் கூலியை ஒரு நாள் இழந்து வந்து நின்ற பெண்கள் பதினெட்டுப் பேர். விரலை வைக்கிறார்கள், கருவியில் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றிச் சுற்றி நின்றுபோகிறது. "சர்வர் இல்லையம்மா, நாளைக்கு வாங்க" என்கிறார் கடைச் சிப்பந்தி. அவர் மீது நமக்குக் கோபமில்லை. அவரும் சம்பளத்துக்கு உழைப்பவர். மேலிருந்து கொடுத்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்களிடம் வசவு வாங்குவது அவர் தலையெழுத்தாகிவிட்டது. கூட்டத்தில் ஒரு பாட்டி மட்டும் கேட்டார்: "நேத்து இருந்துச்சே, எங்கேப்பா போச்சு அது?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வியா அது? அந்த இடத்தில் கேட்கவேண்டிய ஒரே கேள்வி அதுதான்.

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நமது விவசாயி என்ன செய்கிறான்? மேட்டூர் வற்றிவிட்டது என்று எண்ணி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறானா? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலிலிருந்து மேல்நோக்கி நடக்கிறான். தன் வரப்பில் உடைப்பு உண்டா, பக்கத்து வயலுக்குத் தண்ணீர் வந்ததா, கிளை வாய்க்காலில் அடைப்பா, மதகை யாராவது இறக்கிவிட்டார்களா என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே போகிறான். மில் தொழிலாளிக்கும் இது தெரிந்த சங்கதியே. நூல் அறுந்தால் எந்தக் கதிரில் அறுந்தது என்று பார்த்து ஒட்டவேண்டும். "பஞ்சு இல்லை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நின்றால் மேஸ்திரி சும்மா விடுவாரா?

இன்டர்நெட்டும் ஒரு வாய்க்கால்தான். கருவியிலிருந்து டவருக்கு, டவரிலிருந்து கம்பெனியின் கம்பிக்கு, கம்பியிலிருந்து நாம் தேடும் எந்திரத்துக்கு என்று அது போகிறது. ஆனால் நடுவில் நம் கண்ணுக்குப் படாத ஆள் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

எந்திரங்களுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். 8.8.8.8 என்பது போலப் புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள் ஓர் எந்திரத்தின் விலாசம். மனிதனுக்கோ எண் நினைவில் நிற்பதில்லை, பெயர்தான் நிற்கிறது. ஆகவே பெயரைச் சொன்னால் எண்ணைக் கேட்டுச் சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையம் உலகத்துக்கெல்லாம் ஒரே ஒரு பட்டியலை வைத்துக்கொண்டிருந்தது. எந்திரங்கள் பெருகப் பெருக அந்த ஒரு பட்டியல் தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், பட்டியலைப் பலரிடம் பகிர்ந்து வைத்து ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்ளும் முறையை வகுத்தார். அதற்குத்தான் டிஎன்எஸ் என்று பெயர்.

பழைய காலத்துக் கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரன் ஒருவன் வந்து ஒரு வீட்டைக் கேட்கிறான். தலையாரிக்குத் தெரிந்தால் உடனே சொல்லுவான். தெரியாவிட்டால் கர்ணத்திடம் போய்ப் பதிவேட்டைப் பார்த்துவந்து சொல்லுவான். டிஎன்எஸ்ஸிலும் இதே இரண்டு பேர்தான். கேட்டுச் சொல்லும் எந்திரம் தலையாரி. அசல் பதிவேடு வைத்திருக்கும் எந்திரம் கர்ணம். உங்கள் செல்போனுக்கு ஒரு தலையாரி உண்டு. நீங்கள் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், சிம்கார்டு விற்ற கம்பெனி நியமித்தவனே அவன்.

பாதை பழுதானாலும் எதுவும் வராது; பாதை நன்றாக இருந்து தலையாரி மட்டும் காணாமல் போனாலும் எதுவும் வராது. பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

கண்டுபிடிக்கும் வழி சுலபம். முதலில் பக்கத்தில் நிற்பவரின் போனைப் பாருங்கள், அதிலும் வேறு கம்பெனி சிம்காரரின் போனை. அவருக்கு வந்து உங்களுக்கு வரவில்லை என்றால் பழுது உங்கள் பக்கம். பிறகு பிரவுசரில் பெயருக்குப் பதிலாக 1.1.1.1 என்று எண்ணையே அடித்துப் பாருங்கள். எண்ணுக்குப் பக்கம் திறந்து, பெயர்களுக்கு மட்டும் திறக்கவில்லை என்றால் பாதை இருக்கிறது, தலையாரிதான் இல்லை. வீட்டு வைஃபை பெட்டியிலோ கம்ப்யூட்டரிலோ தலையாரியின் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஓர் இடம் உண்டு. அங்கே எண் செல்லாது, பெயர்தான் எழுதவேண்டும். விளம்பரம் வராமலிருக்க யாரோ ஒரு பையன் சொன்னான் என்று அங்கே ஏதோ ஒரு பெயரை எழுதிவிட்டு, அந்தப் பெயர்க்காரன் படுத்துக்கொண்டதும் போனையே பழுதுக் கடைக்குத் தூக்கிச் சென்ற தோழர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த இடத்தை மறுபடி 'ஆட்டோமேடிக்' என்று வைத்தால் தீர்ந்தது. இதற்கு முந்நூறு ரூபாய் வாங்கிய கடையும் உண்டு!

நாம் சொன்ன 1.1.1.1 என்ற எண் கிளவுட்ஃபிளேர் என்ற அமெரிக்கக் கம்பெனி 2018-ல் திறந்த தலையாரிச் சாவடி. 8.8.8.8 என்பது கூகுள் கம்பெனி 2009-ல் திறந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கானவர்கள் இவற்றை நம்பியிருக்கிறார்கள். 2025 ஜூலை 14-ந் தேதி, நமது கடிகாரப்படி மறுநாள் விடியற்காலை 3 மணி 22 நிமிஷத்துக்கு, நமது மில்களில் இரவு ஷிப்டு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், 1.1.1.1 உலகமெங்கும் மறைந்தது. 62 நிமிஷம்! மின்சாரம் போகவில்லை, கம்பி அறுபடவில்லை, எந்தப் பகைவனும் தாக்கவில்லை. ஜூன் 6-ந் தேதி, இன்னும் நடைமுறைக்கே வராத வேறொரு சேவைக்காக எழுதிய குறிப்பில் இந்த எண்களும் தவறிச் சேர்ந்துவிட்டன. அன்று ஒன்றும் நடக்கவில்லை. 38 நாள் அந்தத் தவறு தூங்கிக் கிடந்தது. ஜூலை 14-ல் அந்தக் குறிப்பில் இன்னொரு சிறு மாற்றம் செய்தபோது விழித்துக்கொண்டது. அந்த எண்களுக்குப் போகும் வழியே உலகம் முழுதும் வாபஸாகிவிட்டது.

முன்ஜாக்கிரதையாக இரண்டாவது எண்ணும் எழுதி வைத்திருந்தவர்கள் பலர். ஆனால் அந்த இரண்டாவது எண் 1.0.0.1. அதுவும் அதே கம்பெனியுடையது! இரண்டும் சேர்ந்தே போயின. ஒரே மிராசுதாரிடம் இரண்டு வாய்க்காலுக்குத் தண்ணீர் கேட்ட கதை. இரண்டு எண் எழுதுகிறவர்கள் இரண்டு வேறு இடத்து எண்களாக எழுதவேண்டும்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அந்தக் கம்பெனி தன் தவறை உடனே ஒப்புக்கொண்டு, எத்தனை மணிக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று எழுதி உலகறிய வெளியிட்டது. லாபத்துக்காக நடக்கும் முதலாளிக் கம்பெனி தன் வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லும் அந்தக் கணக்கை, ஜனங்களின் ஓட்டில் உட்கார்ந்திருக்கும் சர்க்கார் நமது பாட்டிக்குச் சொல்லவேண்டாமா?

தலையாரியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணிவிடவேண்டாம். கர்ணமே மறைந்துவிட்டால் எந்தத் தலையாரி என்ன செய்வான்? 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் செத்துக் கிடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை அந்தக் கம்பெனியின் உள்பாதைகளையெல்லாம் துண்டித்தது. அத்தகைய கட்டளையைத் தடுக்கவேண்டிய சோதனைப் புரோகிராமில் பிழை இருந்தது. உள்ளே தொடர்பற்றுப்போன பெயர்ப் பதிவேட்டு எந்திரங்கள் தங்களுக்கு வரும் வழியைத் தாங்களே மூடிக்கொண்டன. பழுது பார்க்கவேண்டிய என்ஜினீயர்களின் கருவிகளும் அதே பாதையில்தான் ஓடின! ஆட்களை நேரே எந்திரக் கூடத்துக்கு அனுப்பிச் சரிசெய்யவேண்டியதாயிற்று. இது கதவைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்துவிட்ட கதை.

2025 அக்டோபர் 20-ல் அமேசான் கம்பெனியின் வர்ஜீனியா எந்திரக் கூடங்களில் நடந்தது இன்னொரு விதம். பதிவேட்டை எழுதும் இரண்டு தானியங்கிப் புரோகிராம்கள் ஒன்றை ஒன்று முந்தியதில், ஒரு முக்கியமான பெயருக்கு எதிரே எண்ணே இல்லாமல் காலியாகப் பதிவாகிவிட்டது. அந்த ஒரு காலி வரியின் விளைவாக, கடலுக்கு அப்பால் பிரிட்டனில் பாங்கிச் சேவையும் வரி இலாகாவின் சேவையும்கூடத் தடுமாறின. உலகத்தின் இத்தனை வேலைகளும் ஒரு கம்பெனியின் ஒரு வட்டாரக் கூடங்களில் போய்க் குவிந்திருக்கின்றன. ஏகபோகம் என்று நாம் சொன்னால் பழைய பாட்டு என்கிறார்கள். இது பழைய பாட்டா?

இந்த 8.8.8.8, 1.1.1.1 வகையறாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பப்ளிக் டிஎன்எஸ்'. பப்ளிக் என்றால் பொது. பொதுக் கிணறு, பொதுப்பாதை, பொது மருத்துவமனை என்று நாம் சொல்லும் பொதுவா இது? யாரும் வந்து குடிக்கலாம், ஆனால் கிணறு அவனுடையது. இன்னார் இன்ன நேரத்தில் இன்ன பெயரைக் கேட்டார் என்பதும் தலையாரிக்குத்தான் தெரியும். லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்தும் 9.9.9.9 போன்றவையும் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஐரோப்பிய யூனியன் தன் ஜனங்களுக்கென்று 2025-ல் ஒன்றைத் திறக்கவும் ஏற்பாடு செய்தது. ஆக, கம்பெனிதான் நடத்தவேண்டும் என்பது விதியல்ல.

சர்க்காரின் கையில் இருந்துவிட்டால் மட்டும் போதும் என்றும் நாம் சொல்லவில்லை. 2014 மார்ச்சில், உள்ளாட்சித் தேர்தலுக்குச் சில நாள் முன்னால், ஊழல் பேச்சுகள் வெளிவருவது பொறுக்காமல் துருக்கியின் பிரதமர் எர்டோகன் ட்விட்டரைத் தடுத்தார். எப்படி? உள்நாட்டுத் தலையாரிகளைப் பொய் சொல்லவைத்து! ஜனங்கள் சும்மா இருந்தார்களா? இஸ்தான்புல் சுவர்களில் 8.8.8.8 என்று சாயத்தால் எழுதினார்கள். நாம் சுவரில் கோரிக்கையை எழுதுவதுபோல் அவர்கள் ஓர் எண்ணை எழுதினார்கள். சில நாளில் அந்த எண்ணுக்குப் போகும் பாதையையும் வளைத்து, அங்கே போலித் தலையாரியை உட்காரவைத்தது அந்நாட்டுத் தொலைத்தொடர்பு. பொதுவானது என்றால் ஜனங்கள் கணக்குக் கேட்கக்கூடியதாக இருக்கவேண்டும். அந்த உரிமை இல்லாவிட்டால் கம்பெனி கையில் இருந்தாலும் சர்க்கார் கையில் இருந்தாலும் நமக்கு ஒன்றுதான்.

இதைப் படித்ததும் கம்யூனிஸ்டுகள் எந்திரத்துக்கு விரோதிகள் என்று சிலர் கிளம்பலாம். எந்திரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. எந்திரம் பழுதானால் அந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்றுதான் கேட்கிறோம். 1.1.1.1 மறைந்தபோது என்ஜினீயரின் சம்பளம் நின்றதா? இங்கே கருவி நின்றால் அரிசி நிற்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத்தலங்களில் செல்போனில் படமெடுத்து வருகை பதிவதை மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியதே, வெயிலில் மண் சுமந்தவனின் வருகை டவரின் தயவில் நின்றதை நாம் கண்ணால் கண்டோம்.

ஆதார் ஆணையமே 2017 அக்டோபர் 24-ல் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ரேகை பதியாவிட்டாலும், நெட்வொர்க் தொடர்பு கிடைக்காவிட்டாலும், அதைக் காரணம் காட்டி ரேஷனை மறுக்கக்கூடாது. மாற்று வழியில் கொடுத்து, அதற்கென்று உள்ள பதிவேட்டில் எழுதிக்கொள்ளவேண்டும் என்பது அதன் சாரம். "நாளைக்கு வாங்க" என்பதற்கு அதில் இடமில்லை. இந்தச் சுற்றறிக்கையின் நகல் எத்தனை கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது என்று தோழர்கள் பார்த்து வரவேண்டும்.

அடுத்த தடவை அந்த 'இல்லை' காதில் விழுந்தால் திரும்பிவிடாதீர்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி, மணி, கடை எண், எத்தனை பேர் நின்றார்கள், வேறு சிம் வைத்திருந்தவர் போனில் இன்டர்நெட் வந்ததா என்பதை எழுதிக் கிளைத் தோழரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மாதர் சங்கத் தோழர்கள் எழுதிக் கொடுக்கட்டும். மாதக் கடைசியில் அத்தனை காகிதத்தையும் எடுத்துக்கொண்டு வட்ட வழங்கல் அலுவலரைப் பார்க்கப் போவோம். அந்தந்த நேரத்தில் பழுதானது கருவியா, டவரா, பெயர்ப் பதிவேடா, சர்க்கார் எந்திரமா என்று தகவல் உரிமைச் சட்டப்படி எழுத்து மூலம் கேட்போம். அந்த மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்பதும் முடிவாகிவிட்டது. பாட்டி சம்மதித்துவிட்டார்.