சர்வர் டவுன் ஆனால், கூகுளில் இருந்தே தளம் காணாமல் போகுமா?

பாகூர் கொம்யூனில் உள்ள கரையாம்புத்தூரில் ஒரு மாணவி, சாதிச் சான்றிதழுக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று போனில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். துறையின் இணைய முகவரி அவருக்குத் தெரியாது. கூகுளில் நாலு வார்த்தை போடுவார், முதலில் வருவதைத் தொடுவார். அங்கே துறையின் பக்கம் இல்லை. ‘உடனே வாங்கித் தருகிறோம்’ என்று சொல்லும் ஏதோ ஒரு ஏஜென்ட் தளம்தான் இருக்கிறது.

துறையின் பக்கத்தை யாரும் நீக்கவில்லை. சில நாட்களாக அதன் சர்வர் மக்கர் செய்தது, அதை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். இந்தக் காட்சி கற்பனை. ஆனால், ஒரு பக்கம் இப்படிக் காணாமல் போகும் விதம் கற்பனை அல்ல.

கூகுள் என்ன செய்கிறது?

நாம் தேடும் நொடியில் கூகுள் இணையம் முழுக்க ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே படித்துச் சேர்த்து வைத்திருக்கும் தன் பட்டியலில்தான் தேடுகிறது. இந்தப் பட்டியலுக்குப் பெயர் இன்டெக்ஸ். ‘கூகுள்பாட்’ என்ற மென்பொருள் அவ்வப்போது தளங்களுக்குப் போய்ப் பக்கங்களைப் படித்து வந்து அதைப் புதுப்பிக்கிறது.

கூகுள்பாட் கதவைத் தட்டும்போது, சர்வர் ஒரு மூன்று இலக்க எண்ணில் பதில் சொல்லும். 200 என்றால் எல்லாம் சரி. 404 என்றால் அப்படி ஒரு பக்கமே இல்லை. 5-ல் தொடங்கினால் கோளாறு சர்வர் பக்கம். 500 என்பது உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்பதற்கு. 503 என்றால் ‘இப்போது முடியாது, அப்புறம் வா’. 504 என்றால் பதில் வர நேரமாகிவிட்டது.

5-ல் தொடங்கும் பதில்கள் அதிகமானால், சர்வருக்குச் சுமை தாங்கவில்லை என்று எடுத்துக்கொண்டு கூகுள்பாட் தன் வருகையைக் குறைத்துக்கொள்ளும். ஏற்கெனவே பட்டியலில் உள்ள பக்கங்களை உடனே எடுத்துவிடாது. ஆனால், ஒரே முகவரியில் பல நாட்கள் இதே பதில் வந்தால், அந்தப் பக்கம் பட்டியலில் இருந்து விழலாம். அதனால்தான் ஓரிரு நாட்களுக்கு மேல் 503 காட்ட வேண்டாம் என்று கூகுளே சொல்கிறது. சர்வர் சரியானதும் வருகை மெல்ல மெல்லத்தான் கூடும். தளம் ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்றாலும், தேடலில் பழைய இடத்துக்கு வர நாட்கள் ஆகலாம்.

பழுதை எங்கே தேடுவது?

கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தொடங்கலாம். அதன் பக்கங்கள் பற்றிய அறிக்கையில், ‘சர்வர் பிழை (5எக்ஸ்எக்ஸ்)’ என்ற தலைப்பில் சிக்கலான முகவரிகள் இருக்கும். அதில் ஒன்றை எடுத்து நேரடிச் சோதனை செய்து பார்க்கலாம். இப்போது சரியாகத் திறந்தால், கோளாறு வந்து வந்து போகிறது என்று அர்த்தம்.

அடுத்தது, அமைப்புகள் பகுதியில் உள்ள கிரால் புள்ளிவிவரம். கடந்த 90 நாட்களில் எந்த நாளில், எதில் சிக்கல் என்று அது காட்டும்: டிஎன்எஸ்ஸா, ரோபோட்ஸ் கோப்பா, சர்வர் இணைப்பா? அதே நாளின் சர்வர் லாக்கை எடுத்து ஒப்பிட்டால் காரணம் பெரும்பாலும் பிடிபடும். ரிசல்ட் நாளில் மட்டும் விழுகிறது என்றால் சுமை தாங்கவில்லை. தினமும் நள்ளிரவில் விழுகிறது என்றால், அந்த நேரத்தில் ஓடும் பேக்கப் வேலையைச் சந்தேகிக்கலாம்.

நம் போனில் திறக்கிறதே!

பலரும் ஏமாறும் இடம் இதுதான். கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபி முகவரிகளில் இருந்துதான் வருகிறது. பாதுகாப்புக்காக வெளிநாட்டு முகவரிகளைத் தடுத்து வைத்திருக்கும் அரசுத் தளங்கள் இந்தியாவில் உண்டு. அப்படிப்பட்ட தளம் வில்லியனூரில் இருந்து பளிச்சென்று திறக்கும். கூகுளுக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கும். கூகுள் தன் பாட்களின் ஐபி பட்டியலை வெளியிடுகிறது. சரிபார்த்து அவற்றை மட்டும் உள்ளே விட ஃபயர்வாலில் வழி உண்டு.

இன்னொரு தவறும் நடக்கிறது. ‘பராமரிப்புப் பணி நடக்கிறது’ என்ற அறிவிப்பைப் போட்டுவிட்டு, பதில் எண்ணை 200 என்றே அனுப்புவது. கூகுள் அந்த அறிவிப்பையே பக்கத்தின் உள்ளடக்கமாக எடுத்துக்கொள்ளக்கூடும். இங்கே 503 அனுப்புவதுதான் சரி. எப்போது திரும்ப வரலாம் என்ற நேரத்தையும் சேர்த்து அனுப்பலாம்.

யார் பொறுப்பு?

வில்லியனூரில் ஒரு கடைக்காரரின் தளம் தேடலில் இருந்து விழுந்தால், நஷ்டம் அவருக்கு. அரசுப் பக்கம் விழுந்தால், நஷ்டம் மக்களுக்கு. காலியான இடத்தில் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பாஸ்போர்ட் பெயரில் இயங்கும் போலித் தளங்களை வெளியுறவு அமைச்சகமே பெயர் சொல்லி எச்சரிக்க வேண்டியிருந்தது.

அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2009-லேயே வந்தன. மூன்றாம் பதிப்பு 2023-ல் வந்தது. நெறிமுறை இருந்தால் மட்டும் போதாது, பார்ப்பதற்கு ஆள் வேண்டும். சர்ச் கன்சோல் கணக்கு, தளத்தைக் கட்டிக்கொடுத்த ஒப்பந்ததாரரின் கையில் இல்லாமல் துறையின் கையில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் அதைத் திறந்து பார்ப்பது ஒருவரின் வேலையாக எழுதப்பட வேண்டும். இதற்குப் பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை.

அதுவரை தேடுபவர்கள் ஒன்று செய்யலாம். ஆதார் எண்ணையோ ஓடிபியையோ கொடுப்பதற்கு முன், முகவரி ‘.ஜிஓவி.இன்’ அல்லது ‘.என்ஐசி.இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். வீட்டில் பெரியவர்களுக்கும் அதைக் காட்டிக் கொடுங்கள். சரியான பக்கம் கிடைக்காவிட்டால், கரையாம்புத்தூர் மாணவி ஒன்று ஏஜென்ட்டுக்குப் பணம் கட்ட வேண்டும், இல்லை என்றால் வகுப்பை விட்டுவிட்டு பாண்டிக்கு பஸ் ஏற வேண்டும்.