கரும்பு சொல்லும் பாடம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நமக்குப் பழக்கமான ஒரு குடும்பம். அவ்வீட்டுப் பெண் பிளஸ் டூ பரீட்சையில் நன்றாகத் தேறியிருக்கிறாள். வைத்தியப் படிப்பு வேண்டாம், தாவர சாஸ்திரமே பயிலுவேன் என்கிறாள். "புல் பூண்டைப் படித்தவருக்கு என்ன உத்தியோகம் காத்திருக்கிறது? நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்றார் தகப்பனார். அவருக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்லுகிறோம்.

1897-இல் தலைச்சேரியில் பிறந்த இ. கே. ஜானகி அம்மாளுக்கும் விவாகமா, படிப்பா என்ற கேள்வி எழுந்தது. அவர் படிப்பைத் தேர்ந்துகொண்டார். சென்னையில் ராணி மேரிக் கலாசாலையிலும் ராஜதானிக் கலாசாலையிலும் பயின்று, பின் அமெரிக்கா சென்று, 1931-இல் மிச்சிகன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934 முதல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணி செய்தார். தின்னத் தித்திக்கும் தடித்த கரும்பு, நோய்க்கும் வறட்சிக்கும் எளிதில் இரையாகும். ஆற்றோரத்து நாணலோ எதையும் தாங்கும். இனிப்பு மட்டும் இல்லை. இரண்டையும் கலந்தே புதிய ரகங்கள் பிறந்தன. அக்கலப்பின் ரகசியம் உயிரணுவிலுள்ள குரோமோசோம் என்னும் நுண்ணிழைகளில் இருக்கிறது. தடித்த கரும்பில் அவை 80. நாணலில் ரகத்துக்கு ரகம் மாறி, 40 முதல் 128 வரை. இவற்றைப் பூதக்கண்ணாடியின் கீழ் எண்ணி ஆராய்வதே ஜானகி அம்மாளின் வேலை. கரும்பையும் மக்காச்சோளத்தையுமே கலந்து, அச்செய்தியை 1938-இல் உலகறிய வெளியிட்டார்.

பின்பு இங்கிலாந்தில், டார்லிங்டன் என்பவருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் கணக்கைத் திரட்டி 1945-இல் நூலாக்கினார். பண்டித நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வு நிலையத்தைச் சீரமைத்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1984-இல் காலமானார்.

இவ்வழியில் பொன்னும் பொருளும் குவியும் என்று நாம் வாக்களிக்கவில்லை. தகப்பனாரின் கவலை நியாயமானதே. ஆனால் பரமத்தி வேலூர்ப் பக்கத்து வயல்களில் விளையும் கரும்புக்குப் பின்னால், யாரோ சிலர் புல்லைப் படித்த உழைப்பு நிற்கிறது. பொங்கல் பானையில் வெல்லம் இடும்போதாவது அதை நாம் நினைக்க வேண்டாமா?

ஜானகி அம்மாள் சீரமைத்த அந்த நிலையத்தார் பேணும் ஆர்க்கிட் தோட்டம் ஒன்று, சேலத்தை அடுத்த ஏற்காட்டிலேயே இருக்கிறது. "முடிவு சொல்லுமுன் பெண்ணை ஒரு நாள் அங்கே அழைத்துப் போங்கள்" என்றோம். நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஏற்காட்டுக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.