பிரிவு வேறு; பிரிவினை வேறு

சூளையின் நெருப்பு ஒன்றே. ஆயினும் அதில் ஏறும் பண்டங்கள் அனைத்தும் ஒரே வெப்பத்தைத் தாங்குவன அல்ல. சுடுமண் பொம்மை ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெந்துவிடும். உயர்வகைப் பீங்கானோ 1300 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டி நிற்கும். இரண்டையும் ஒரே சூட்டில் வைத்தால் ஒன்று உருக்குலையும், அல்லது மற்றொன்று வேகாது நிற்கும். ஆதலால் தொழில் அறிந்தவர் பண்டங்களை வகை பிரித்தே சூளை ஏற்றுகின்றனர். பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தைச் சார்ந்த நமக்கு இதனைப் பிறர் சொல்லித்தர வேண்டுவதில்லை.

இவ்வுண்மையை ஒரு விளையாட்டின் வாயிலாக இளைஞர்முன் வைக்க விழைகின்றோம். அதுவே 'ரிமோட் கார்' என நாம் அழைக்கும், வானொலி அலையால் இயங்கும் மின்கார்ப் பந்தயம். செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என நம்மவர் இதனை ஒதுக்கிவிடுவர். ஆயின், அதன் கழகங்கள் வகுத்துள்ள விதிகளை ஊன்றி நோக்கின், நாம் கற்கவேண்டிய நீதி ஒன்று அவற்றுள் பொதிந்திருப்பது புலனாகும்.

ஜப்பானின் தமியா நிறுவனம் 1976ஆம் ஆண்டு தன் முதல் ரிமோட் காரை வெளியிட்டது. 1979இல் இவ்விளையாட்டுக்கென உலகக் கூட்டமைப்பு தோன்றிற்று. நாளடைவில் கழகங்கள்தோறும் பந்தயப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவுடையவை ஒரு பிரிவு. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுடையவை மற்றொரு பிரிவு. சமதளத்தில் ஓடுபவை ஒரு சார். மேடுபள்ளமான மண்தடத்தில் ஓடுபவை மறு சார். இவை கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள்.

நாம் கருதத்தக்க பிரிவு மோட்டாரைப் பற்றியது. மோட்டாரினுள் கம்பிச் சுருளின் சுற்றுகள் குறையுந்தோறும் வேகம் கூடும். மின்கலத்திலிருந்து அது இழுக்கும் மின்னோட்டமும் கூடும். 'மாடிஃபைடு' என்னும் பிரிவில் சுற்றுகளுக்கு வரையறை இல்லை. 'ஸ்டாக்' என்னும் பிரிவிலோ, முற்காலத்து மோட்டார்களுக்கு 27 சுற்று என வரம்பு கட்டினர். இன்றைய தூரிகையற்ற மோட்டார்களுக்கு 17.5, 13.5 என்றவாறு வரையறுக்கின்றனர். பணம் படைத்தவன் விலையுயர்ந்த மோட்டாரால் வெல்லும் வழி இங்கு அடைபட்டுவிடுகிறது. எஞ்சுவது கைத்திறனும், கண்ணின் கூர்மையும், பொறுமையுமே!

பிரிப்பது தாழ்த்துவது ஆகாதா என்று சிலர் வினவக்கூடும். தக்க வினாவே. இங்கே வகைப்படுத்தப்படுவது கருவியே அன்றி மனிதன் அல்லன். ஓட்டுநரை நேரத்தின்படி அடுக்கும்போதும் வழி அடைபடுவதில்லை. கீழ்நிலை இறுதிப் பந்தயத்தில் முந்தியவரை அன்றைக்கே மேல்நிலைப் பந்தயத்தில் சேர்க்கும் வழக்கம் பல கழகங்களில் உண்டு. ஏறுவதற்குப் படி வைத்த பிரிவு நீதியாகும்; படியை எடுத்துவிட்ட பிரிவே பிரிவினையாகும்.

இந்நெறி மேலைநாட்டார் புதிதாகக் கண்டதும் அன்று. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. பந்தயத்துக்கெனப் பயிற்றி உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா முதல் ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல் தொலைவு. அவ்வாறு பயிற்றப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதா முதல் பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் தொலைவு. அறிவித்த இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்போட்டியில் கலந்துகொண்டவரே. பயிற்றப்படாத குதிரையை அவர்கள் ஒதுக்கவுமில்லை. பயிற்றப்பட்டதோடு ஓடவிட்டுத் தோற்கடிக்கவுமில்லை. அதற்கென ஒரு தொலைவை வகுத்தளித்தார்கள். இதனினும் தெளிவான விளையாட்டு நீதி யாண்டு உளது?

நம் தமிழகமும் இதற்குச் சான்று பகரும். கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்து, எல்லோரும் ஒரே வகை வண்டியில் போட்டியிடும் பிரிவைக் குறைந்த செலவில் உருவாக்கினார். அப்பிரிவில் ஓட்டிப் பழகியவருள் ஒருவரான நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார்.

இனி நம்மை நோக்குவோம். நம் கல்லூரிகளில் நடைபெறும் பேச்சு, கட்டுரைப் போட்டிகளில் ஆண்டுதோறும் பரிசு பெறுவோர் யாவர்? பெரும்பாலும், வீட்டில் நூலும் வழிகாட்டியும் வாய்க்கப்பெற்ற சிலரே. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த மாணவன், முதலாண்டில் பெயர் கொடுப்பான். இரண்டாம் ஆண்டில் பார்வையாளனாக அமர்வான். மூன்றாம் ஆண்டில் அவ்வழியே வரமாட்டான். "வாய்ப்பு அனைவர்க்கும் சமம்தானே!" என நாம் அமைதி கொள்கின்றோம். பயிற்றப்படாத குதிரையை ஆறு மைல் ஓடச் சொன்ன பிழை நம்முடையதே. ஆசிரியராகிய நாம் இதனை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். முதலாவது, கல்லூரிப் போட்டிகள் ஒவ்வொன்றிலும் புதியோர் பிரிவு ஒன்று அமைக. அதில் வென்றவர் அடுத்த ஆண்டு பொதுப்பிரிவுக்கு உயர்க.

இரண்டாவது, விருத்தாசலத்தில் மாணவர்க்கென ஒரு மின்கார்க் கழகம் தோன்றுக. ஒரே மோட்டார், ஒரே மின்கலம் என்னும் ஒரு பிரிவே தொடக்கத்துக்குப் போதும். அவற்றைக் கழகமே வாங்கிக் குலுக்கல் முறையில் வழங்கலாம். பந்தயப் பணமோ சூதோ அணுகலாகாது. இது நம் ஊருக்கு அந்நியமான தொழிலும் அன்று. எளிய மோட்டாரினுள் இருக்கும் ஃபெரைட் காந்தம், இரும்பு ஆக்சைடுத் தூளை அழுத்திச் சூளையில் சுட்டெடுக்கும் பீங்கான் வகையே. மோட்டாரின் பொறியால் வானொலி அலை குழம்பாதிருக்க அதன்மேல் பற்றவைக்கும் சிறு மின்தேக்கியும் பீங்கானே. பொம்மையும் மின்காப்புப் பீங்கானும் செய்த ஊரின் பிள்ளைகளுக்கு, அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம் அமைந்த ஊரின் பிள்ளைகளுக்கு, இது விளையாட்டாகவும் பாடமாகவும் அமையும்.

அக்கழகங்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லி அமைகின்றோம். தன் பந்தயம் முடிந்தவன் வீட்டுக்குப் போய்விடக்கூடாது. அடுத்த பந்தயத்தின்போது தடத்தின் ஓரத்தில் நின்று, கவிழ்ந்த காரை ஓடி எடுத்து நிமிர்த்தி வைத்தல் வேண்டும். வென்றவனுக்கும் விலக்கு இல்லை. ஓடி முடித்த பெரியோர்களே, பட்டம் பெற்றுச் சென்ற முன்னாள் மாணவர்களே! தடத்தில் நம் பிள்ளைகள் பலர் கவிழ்ந்து கிடக்கின்றனர். ஓரத்தில் நிற்கும் முறை இப்பொழுது நம்முடையது. வல்ல இறைவன் அதற்குரிய மனத்தை நமக்கு அருள்வானாக!