தண்ணீர்ப் பந்தலில் விலைச்சீட்டு

சித்திரை வெயிலில் எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். குடம் சுமப்பவர் கூலி கேட்பதில்லை. குடிப்பவர் காசு கொடுப்பதில்லை. இணையத்திலும் அப்படி ஒரு பந்தலை நான் கண்டேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். கணினிப் பாடத்தில் ஐயம் எழுந்தால் வீட்டில் யாரைக் கேட்பது? எழுதிய நிரல் ஓடாமல் நள்ளிரவு வரை விழித்திருந்த முதலாண்டு நாட்களில் எனக்குக் கைகொடுத்தது 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்னும் வினா-விடை மன்றம். நான் திணறிய அதே இடத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பே எவரோ திணறியிருந்தார். முகம் தெரியாத இன்னொருவர் அதைப் பொறுமையாக விளக்கியிருந்தார். கூலியின்றி எழுதியவர் அவர்.

ஜோயல் ஸ்போல்ஸ்கி, ஜெஃப் அட்வுட் என்னும் இருவர் 2008-இல் தொடங்கிய மன்றம் அது. அங்குள்ள விடைகளை எவரும் எடுத்தாளலாம். ஆனால் எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது உடன்படிக்கை. 2021-இல் புரோசஸ் என்னும் நிறுவனம் 180 கோடி டாலருக்கு மன்றத்தை வாங்கியது. 2024 மே மாதத்தில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்துடன் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. மனம் நொந்த சிலர் தம் விடைகளை அழிக்க முற்பட்டனர். அழித்தவை மீட்கப்பட்டன, அழித்தவர் சிலரின் கணக்குகள் முடக்கப்பட்டன.

மன்றம் நடத்தப் பணம் வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கலாம். வேண்டும்தான். பந்தலுக்கும் கீற்று வாங்கக் காசு வேண்டும். விளம்பரம் போட்டுப் பணம் சேர்ப்பதை நான் குறை கூறவில்லை. குடம் சுமந்தவரை ஒரு வார்த்தை கேட்காமல் தண்ணீருக்கு விலை பேசியதையே தவறு என்கிறேன்.

இன்று நாம் ஐயங்களை இயந்திரத்திடமே கேட்கிறோம், நானும் விதிவிலக்கல்லன். மன்றத்தில் புதிய வினாக்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனால் இயந்திரம் கற்றது மனிதர் எழுதி வைத்ததைத்தானே? நாளை புதிய சிக்கல் ஒன்று முளைக்கும்போது, அதைத் தீர்த்தவர் எழுதி வைக்க மனமின்றிப் போனால் நட்டம் யாருக்கு? வசதியுள்ளவன் பணம் கட்டிக் கற்றுக்கொள்வான். கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளைதான் தவித்து நிற்பான்.

ஆகவே, நம் துறையிலேயே ஐயங்களையும் விடைகளையும் தமிழில் எழுதி வைக்கும் ஏடு ஒன்றைத் தொடங்குவோம். மூத்தவர் எழுதட்டும், இளையவர் படிக்கட்டும். பேராசிரியப் பெருமக்கள் பிழை திருத்தித் தரட்டும். முதல் குடத்தை நான் சுமக்கிறேன்.